மூழ்கும் எண்ணெய்

காலையில் கரண்ட் போனது. போகும் என்று முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள். மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும். ரேஷ்மா தொட்டியில் தண்ணீர் நிரப்பி, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றி, சட்னிக்கு அரைத்து வைத்துவிட்டுத் தயாராகத்தான் இருந்தாள். ஃபேன் கடைசிச் சுற்றைச் சோம்பேறித்தனமாகச் சுற்றி நின்றது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உடம்பைக் குலுக்கி அடங்கியது. எதிர்வீட்டு மிக்ஸி பாதியில் வாயை மூடிக்கொண்டது. ஜன்னலுக்கு நேரே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே உயரத்தில் உட்கார்ந்திருக்கும் தெரு டிரான்ஸ்பார்மரும் ஓய்ந்தது. கல்யாணமாகி ஸ்ரீரங்கத்தில் இந்தச் சந்துக்குக் குடிவந்த நாளிலிருந்து அது ராப்பகலாக ‘ம்ம்ம்’ என்று முனகுவதைக் கேட்டுப் பழகிப்போய், அது நின்றால்தான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே அவளுக்கு நினைவு வரும்.

சந்து மொத்தமும் அடங்கியது. அடையவளஞ்சான் வீதிப் பக்கமிருந்து ஒரு பூக்காரியின் குரல் தெளிவாகக் கேட்டு, மெல்லத் தேய்ந்து, அதுவும் போய்விட்டது.

வீட்டுக்குள் மட்டும் அந்த ரீங்காரம் நிற்கவில்லை.

காதுக்குள் மிச்சமிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். தலையை உலுக்கிப் பார்த்தாள். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்தாள். வெதுவெதுப்பான தகரம், அவ்வளவுதான். மோட்டார் சுவிட்ச் அணைந்திருந்தது. செல்போன் அலமாரியில் சும்மா கிடந்தது. சமையலறையை விட்டு வெளியே வர வர சத்தம் கூடியது. ஏற்ற இறக்கமில்லாத ஒரே சுருதி, மூச்சு வாங்கக்கூட நிற்காத சத்தம். கூடத்துக் கொக்கியில் தன் பழைய புடவையால் கட்டியிருந்த தூளிக்குப் பக்கத்தில் வந்தபோது அது அவள் உள்ளங்காலிலும் ஏறியது. தூளித் துணி மிக லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே இரண்டு மாதக் குழந்தை கமலினி கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். அழவில்லை. உதடுகள் ஒட்டி மூடியிருந்தன. சத்தம் அந்தச் சின்ன நெஞ்சுக்கூட்டிலிருந்து வந்தது.

“பாப்பா,” என்றாள் ரேஷ்மா. நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பெற்ற பிள்ளையைத் தொடுவதற்கு ஒரு பயம். நேற்று மத்தியானம் வரை இல்லாத பயம். தொட்டால் தன்னிடமிருந்து ஏதாவது அதற்குப் போய்விடும் என்கிற பயம்.

அவள் புருஷன் மருதை நல்லவன். அதில் ஒரு குறையும் இல்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் ரேஷ்மா அவனை வாய்நிறையத் திட்டிவிட்டாவது கொஞ்சம் ஆறியிருப்பாள். துவாக்குடியில் ஒரு பட்டறையில் பழுதான டிரான்ஸ்பார்மர்களைப் பிரித்து மேய்ந்து சரிசெய்வது அவன் வேலை. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு டிரான்ஸ்பார்மர் எண்ணெய் என்றால் மருந்து. முட்டி வலி, சுளுக்கு, பிடிப்பு, எதற்கும் அதுதான். ஓனர் பார்க்காதபோது ஆளுக்கு ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வருவார்கள். ரேஷ்மா மாசமாக இருந்த சமயம், எப்போதோ மூடிப்போன மில் ஒன்றிலிருந்து ஒரு கிழட்டு டிரான்ஸ்பார்மர் லாரியில் வந்து இறங்கியது. அதன் எண்ணெய் வழக்கமாகப் பார்ப்பது மாதிரி இல்லை. தேன் நிறம், நல்ல கனம், கொஞ்சம் இனிப்பாக அந்துருண்டை வாசனை. பழைய சரக்குக்குத்தான் வீரியம் என்று சொல்லி, மருதை ஒரு கடலை எண்ணெய்க் கேன் நிறையப் பிடித்துவந்தான்.

அப்போது அவள் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள். அங்கே பெண்கள் உட்கார ஸ்டூல் கிடையாது. வயிறு ஏற ஏற இடுப்பு விட்டுப்போனது. வீட்டுக்கு வந்ததும் மருதை, குப்புறப் படுக்க முடியாத அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, எண்ணெயைக் கரண்டியில் சூடுகாட்டி, தண்டுவடம் நெடுகத் தேய்த்துவிடுவான். கையில் காய்ப்பு இருந்தாலும் பூவைத் தொடுவதுபோலத்தான் தொடுவான். வலி எங்கே போனதென்று தெரியாது. “இன்னும் கொஞ்சம் போடுங்க,” என்று கேட்டு வாங்கிக்கொண்டவள் அவள்தான். வயிற்றுத் தோல் இழுக்கிறது என்று அங்கேயும் தடவச் சொன்னவளும் அவள்தான்.

முதல் நாள் தேய்த்து முடித்துவிட்டு மருதை வாளித் தண்ணீரில் கையைக் கழுவினான். எண்ணெய் மிதக்கவில்லை. முத்து முத்தாகத் திரண்டு, அவசரமில்லாமல் இறங்கி, வாளியின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

“பாத்தியா கனத்தை! சரக்கு அப்படி,” என்றான் மருதை.

சிரித்தார்கள்.

கொஞ்ச நாளில் அவள் கன்னத்திலும் காதுமடலுக்குப் பின்னாலும் கருகருவென்று பரு குருணை குருணையாகக் கிளம்பியது. நகங்கள் மருதாணி வைத்து மங்கினது மாதிரி பழுத்தன. மாசமா இருந்தால் அப்படித்தான் என்றார்கள். ஒருநாள் மருதை அவள் வயிற்றில் காதை வைத்துவிட்டு, “உள்ள டிரான்ஸ்பார்மர் ஓடுதுடி,” என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று தலையில் தட்டினாள்.

கமலினி பிறக்கும்போதே எடை இல்லை. உடம்பு சாம்பல் பூத்த கருப்பு, ஈறு கருப்பு, நகம் கருப்பு. இமைகள் வீங்கி, காலையில் மெழுகு மாதிரி ஒன்று கசிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். கீழ் ஈறில் இரண்டு பற்கள். பல்லோடு பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்று யாரோ ஓதிவிட, உறையூரிலிருந்து ரேஷ்மாவின் தம்பி இதுவரை எட்டிப்பார்க்கவில்லை. ஆனால் பால் குடித்தாள். அப்படிக் குடித்தாள். அவள் குடிக்கக் குடிக்க ரேஷ்மாவின் முகத்தில் குருணை உதிர்ந்தது, நகம் வெளுத்தது, உடம்பில் அந்துருண்டை வாசனை குறைந்தது. பிள்ளை பெற்றதும் முகம் எப்படித் தெளிஞ்சிருச்சு பாரு என்று தெருவே மெச்சியது. பிள்ளை நாளுக்கு நாள் இருண்டுகொண்டு போனதை, அப்பன் நிறம் என்று விட்டுவிட்டார்கள்.

நேற்று தில்லை நகர் கிளினிக்கில் டாக்டர் ஜென்சி குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். பிறகு ரேஷ்மாவின் கையை வாங்கிப் பார்த்தார். பிறகு மருதையிடம், “உங்க கையையும் வைங்க,” என்றார். மூன்று கைகளும் மேஜைமேல் கிடந்தன. டாக்டர் அவன் வேலையைக் கேட்டார், வீட்டில் என்ன தடவுவீர்கள் என்று கேட்டார். மருதை எண்ணெயின் பெருமையை ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“பழைய டிரான்ஸ்பார்மர் சிலதுல ஊத்தியிருக்கிற எண்ணெய்ல ஒரு கெமிக்கல் இருக்குங்க. தீப்பிடிக்கக் கூடாது, கெட்டுப்போகக் கூடாதுன்னே செஞ்சது. மக்காது, அழியாது. உடம்புக்குள்ள போனா கொழுப்புல போய் உக்காந்துக்கும். மூத்திரத்துல போகாது, வேர்வையில போகாது. வருஷக்கணக்கா இருக்கும்.”

“எனக்குத்தான் எல்லாம் சரியாகிருச்சே டாக்டர்?” என்று கேட்டாள் ரேஷ்மா.

ஜென்சி அவள் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

“பொம்பளை உடம்புல இருந்து அது வெளியில போறதுக்கு ரெண்டு வழிதாம்மா இருக்கு. ஒண்ணு வயித்துல இருக்கிற குழந்தை. இன்னொண்ணு தாய்ப்பால். உங்களுக்குக் குறையும். நீங்க தேறிடுவீங்க.”

“பாப்பாவுக்கு மருந்து?”

“உள்ள போனதை எடுக்க மருந்து இல்லைம்மா. இனிமே ஒரு சொட்டு போகாம பாத்துக்கலாம். ரத்தம் எடுத்து அனுப்புறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் தாய்ப்பாலை நிறுத்துங்க, பவுடர் பால் குடுங்க. அந்தக் கேனை மூடி வைங்க, யாரும் தொட வேண்டாம். கொட்டிறாதீங்க. காவிரியில கொட்டினா காவிரியில இருக்கும், மண்ணுல கொட்டினா மண்ணுல இருக்கும்.”

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் மருதை வண்டியை மெதுவாக ஓட்டினான். “பத்து வருஷமா முழங்கை வரைக்கும் அதுல முக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு என்ன ஆச்சு? நம்ம தெருவுல கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்திருக்கேன், ஒருத்தராவது குறை சொன்னாங்களா?” ரேஷ்மா ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்தாள். பட்டறை அழுக்கு என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அவன் சட்டையையும் தன் உடுப்பையும் ஒரே வாளியில்தான் ஊறவைத்தாள்.

கேன் சமையலறையில் சிலிண்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது. மூடித்தான் இருக்கிறது. வாசனை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

இன்று அவன் வேலைக்குப் போய்விட்டான். ஒரு சொட்டு போகக்கூடாது. அதை அவள் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். பவுடர் பாலைக் கரைத்து, பாலாடையில் ஊற்றி, தூளியிலிருந்து எடுத்த குழந்தையை மடியில் போட்டு, உதட்டு ஓரத்தில் வைத்தாள். வாய் திறக்கவில்லை. பால் கழுத்தில் வழிந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து இதே கதை. நாக்கில் பட்டதைத் துப்பிவிட்டு, கமலினி முகத்தை அவள் மார்புப் பக்கம் திருப்பினாள். கண் தெரிகிறதோ இல்லையோ, மூக்குக்குத் தெரிந்தது. ரீங்காரம் ஒரு படி ஏறியது. அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி மெல்லக் கிணுகிணுத்தன.

“அக்கா, கரண்ட் எப்ப வரும்?” மாடியிலிருந்து செல்லக்கிளியின் குரல். முசிறிப் பக்கத்துப் பெண், சின்னவள், தலைப்பிரசவம். ஏழு மாத வயிற்றோடு படியிறங்கப் பயந்து எல்லாவற்றையும் மேலிருந்தே கேட்பாள்.

“சாயங்காலம் ஆகும்மா,” என்று குரல் கொடுத்தாள்.

மத்தியானத்துக்குள் மார்பு கட்டிவிட்டது. இரண்டும் கல். ரவிக்கை நனைந்து ஒட்டியது, அக்குள் வரை சுரீர் சுரீரென்று இழுத்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. பிழிந்து விட்டுவிடலாம் என்று குளியலறைக்குப் போய், மக்கில் பாதித் தண்ணீர் வைத்துக்கொண்டு அழுத்தினாள். வலிதான் வந்தது, பால் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள். ஒரு பீற்று. தண்ணீரில் வெள்ளையாகப் புகைந்து பரவியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு சின்ன முத்து பிரிந்தது. தெளிவான, தேன் நிற முத்து. அவசரமில்லாமல் இறங்கியது. மக்கின் அடியைத் தொட்டு, லேசாக உருண்டு, நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று இறங்கியது.

மக்கைக் கவிழ்க்கப் போனவள் நிறுத்தினாள். எங்கே கொட்டுவது? கொட்டினால் அங்கேயே இருக்குமே. மக்கை அப்படியே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

மருதைக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். பட்டறைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்காது.

வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. வீடு புழுங்கியது. அந்துருண்டை வாசனை கூடத்துக்கும் வந்தது. கேனிலிருந்து வருகிறதா, குழந்தையிடமிருந்தா, தன்னிடமிருந்தா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாலாடையை எடுப்பாள், குழந்தை துப்பும், கீழே வைப்பாள். கமலினியின் உதடு காய்ந்து வெடித்தது. உச்சந்தலை குழிந்திருந்தது. ரீங்காரம் மட்டும் தேயவே இல்லை.

“குடிம்மா. இதைக் குடிம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

இருட்டத் தொடங்கியது. கரண்ட் வரவில்லை. கோயில் பக்கமிருந்து ஏதோ மணிச்சத்தம் வந்து நின்றது. காற்று வரட்டுமே என்று வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மறுபடி மடியில் எடுத்தாள். பாலாடைக்குக் கையை நீட்டினாள். கை எட்டவில்லை. எட்டவில்லை என்றுதான் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

குழந்தை திரும்பியது. ஈரத் துணியை முகர்ந்தது. தேடியது. கண்டுபிடித்தது.

இரண்டு பற்களும் சதையில் பதிந்தன. “ஐயோ,” என்றாள். தலையைப் பிடித்து விலக்கக் கையைக் கொண்டுபோனாள்.

கை தலைமேல் நின்றது.

பால் இறங்கியது. அக்குளில் இருந்த சுரீர் தளர்ந்தது. கல் இளகியது. தோள் இளகியது. உள்ளே எங்கோ கெட்டியாக உட்கார்ந்திருந்த ஒன்று கரைந்து, நகர்ந்து, வெளியே போனது. அது போவது அவளுக்குத் தெரிந்தது. என்ன போகிறது என்றும் தெரிந்தது. ஒவ்வொரு மடக்குக்கும் உடம்பு லேசானது. சுகமாக இருந்தது. அப்படி ஒரு சுகம். நான் தேறிடுவேன் என்று மனசின் அடியில் ஏதோ ஒன்று சொன்னது.

தெரிந்தும் விலக்கவில்லை.

மடியில் கிடந்த சின்னக் கை விரிந்து மூடியது. மங்கிய வெளிச்சத்தில் நகங்கள் தெரிந்தன. கருப்பு நகத்தைத் தாண்டி விரலில் ஏறியிருந்தது. பார்க்கப் பார்க்க ஏறியது. முதல் கணு. இரண்டாம் கணு.

“போதும்மா. போதும். என் தங்கமே, போதும்.”

வாய் நிறைந்ததும் ரீங்காரம் அடங்கியிருந்தது. காலையிலிருந்து முதல்தடவையாக வீடு நிசப்தமானது. குழந்தை விழுங்கும் சத்தம் மட்டும். மடக். மடக்.

அவள் கண்ணை மூடினாள்.

‘ம்ம்ம்.’

கண்ணைத் திறந்தாள். குழந்தை குடித்துக்கொண்டிருந்தது. சத்தம் இங்கிருந்து வரவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். டிரான்ஸ்பார்மர் செத்துக் கிடந்தது. தெருவில் ஒரு விளக்கு இல்லை.

சத்தம் மாடிப்படியில் இருந்தது. இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு படி. நிற்கும். இன்னொரு படி.

சத்தத்துக்கு முன்னால் வாசனை வந்தது. இனிப்பான வாசனை.

“அக்கா? கதவைத் திறந்து போட்டுட்டு இருட்டுல உக்காந்திருக்கீங்க?”

வாசலில் செல்லக்கிளி. ஒரு கையால் இடுப்பைத் தாங்கியிருந்தாள். இன்னொரு கையில் காலியான இருமல் மருந்து பாட்டில். கடைசி வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்தது. கன்னம் நிறையக் குருணை.

“நேத்து சாயங்காலம் அண்ணன் மறுபடி குடுத்ததும் தீந்துபோச்சுக்கா. வயித்துலயும் தடவுனேனா, அதான். அது போட்டாத்தான் நிக்கவே முடியுது. இன்னும் கொஞ்சம் ஊத்தித் தாங்களேன்.”

நேற்று சாயங்காலம். கிளினிக்கிலிருந்து வந்த பிறகு.

வேண்டாம் என்று சொல்ல ரேஷ்மா வாயைத் திறந்தாள். மடியில் கமலினி மார்பை விட்டாள். தலை மெல்ல வாசல் பக்கம் திரும்பியது. அந்த வயதுக் குழந்தைக்குத் தலை அப்படி நிற்காது. இரண்டு பற்களிலும் பால் ஒட்டியிருந்தது. உதடுகள் மூடின.

‘ம்ம்ம்.’

செல்லக்கிளியின் புடவைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. அதே சுருதி.

“பாருங்கக்கா, பாப்பா சத்தம் கேட்டாலே இதுவும் உள்ள ஆரம்பிச்சிருது,” என்று செல்லக்கிளி பூரித்துப்போய்ச் சிரித்தாள். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. குளியலறைக் கதவுக்குப் பின்னால் மக்கு தரையில் அதிர்ந்தது. இரண்டு சத்தமும் ஒன்றாகக் கலந்து, சுவருக்கு ஏறி, ஜன்னல் கம்பிக்கு ஏறின. பழுத்த நகங்களுக்கு நடுவே அந்த பாட்டிலும் நடுங்கத் தொடங்கியது. செல்லக்கிளி சிரித்த முகத்தோடு அதை நீட்டியபடியே நின்றாள்.